11-வது மாடியில கருவேப்பில, கொத்தமல்லி, கங்கோங் கீரை

போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம் ஆரம்பிச்சேன். மலேசியாவுல, கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல 11-வது மாடி பிளாட்டு, பால்கனியில ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மேல துணி காயப்போடற கம்பி, மிச்ச எடம்தான் செடிக்கு. காரணம் எங்கம்மா. அப்பல்லாம் நம்ம ஊர்ல தோட்டம்னா ரப்பர் தோட்டம்தானே, அம்மா அங்க பால் மரம் வெட்டுனவங்க, அதாவது மரத்த கீறி ரப்பர் பால் எடுத்தவங்க, லயத்து வீட்டுக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னாடியே முருங்கை, கருவேப்பில, மொளகான்னு எல்லாம் வெச்சிருந்தவங்க, இங்க வந்து பசார்ல (சந்தையில) ஒரு பிடி கருவேப்பிலைக்கு காசு எண்ணிக் குடுக்கும்போதெல்லாம் அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடும், அத என்னால பாத்துட்டே இருக்க முடியல.

சுங்கை பூலோ ரோட்டுல வரிசையா நர்சரி இருக்குல்ல, அங்க போயி கருவேப்பிலை கன்னு ஒண்ணு, மொளகா கன்னு ரெண்டு, கொத்தமல்லி விதை, தக்காளி விதை, கறுப்பு மண்ணு மூணு மூட்டை வாங்கிட்டு வந்தேன். அந்த மண்ண அப்படியே பூச்சட்டியில கொட்டி நட்டேன். காலையில ஒரு வாட்டி, வேலை விட்டு வந்து ஒரு வாட்டி தண்ணி. மூணே வாரம், மொளகா எலை கீழ இருந்து மஞ்சளாகி தொங்க ஆரம்பிச்சிருச்சு. வெயிலுக்கு வாடுதுன்னு நெனச்சு இன்னும் தண்ணி ஊத்துனேன். கடைசியா செடிய புடுங்கிப் பாத்தா வேரு வெள்ளையாவே இல்ல, பழுப்பா கொழகொழன்னு, விரல்ல உருவுனா தோலு கழண்டு வருது, சாக்கடை நாத்தம். மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு, ஏன்னா அதுக்கு நான் நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன்.

எங்க மாடியிலயே ஒரு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) இருக்காங்க, அவங்க கதவோரமா பண்டான் (ரம்பை), செராய் (எலுமிச்சைப் புல்லு) எல்லாம் செழிப்பா நிக்கும். பாத்துட்டு "ஜாஙான் பாஞாக் ஆயேர்", அதாவது நெறைய தண்ணி ஊத்தாதேன்னு சொல்லி என் விரல புடிச்சு மண்ணுக்குள்ள ரெண்டு கணு ஆழம் விட்டாங்க. மேல காஞ்சிருக்கு, உள்ள சேறு. விரல்ல ஈரம் ஒட்டுனா ஊத்தாதே, அவ்வளவுதான். இன்னொண்ணும் காட்டுனாங்க, சட்டிய ஒரு கையால லேசா தூக்கிப் பாக்கறது. ஈரமா இருக்கும்போது என்ன கனம், காஞ்சா என்ன கனம்னு ஒரு வாரத்துல கைக்கு பழகிடும். இன்னிக்கு வரைக்கும் எனக்கு வேற கணக்கு கிடையாது.

மண்ணையும் மாத்துனேன். சும்மா கறுப்பு மண்ண மட்டும் போட்டா இங்க பெய்யற மழைக்கு அது அடிச்சு இறுகி களி மாதிரி ஆயிடுது, வேருக்கு காத்தே போகாது. இப்ப ரெண்டு பங்கு மண்ணு, ஒரு பங்கு கோக்கோபீட் (தேங்கா நார்த் தூளு), ஒரு பங்கு கருக்குன உமி, சட்டிக்கு ஒரு கைப்பிடி கோழி எரு. எரு போட்டு நாலு நாளைக்கு நாத்தம் இருக்கும், பக்கத்து வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க. எங்க பிளாட்டு ஆபீஸ்ல கம்பிக்கு வெளிய சட்டி தொங்க விடக்கூடாதுன்னு லெட்டர் போட்டாங்க. மொதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் கீழ எட்டிப் பாத்தேன், புள்ளைங்க வெளையாடிட்டு இருக்குதுங்க, பேசாம எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சிட்டேன்.

அடுத்து கீரை. சௌகிட் பசார்ல மீன்காரர் கிட்ட காலி பொலிஸ்டரின் (தெர்மாகோல்) பெட்டி கேட்டு வாங்கி, நல்லா கழுவி, ஸ்க்ரூ டிரைவர சூடு பண்ணி அடியில பத்து ஓட்டை போட்டேன். பொலிஸ்டரின் சூட்ட உள்ள விடாது, வெயில்ல வேரு வேகாம இருக்கும். கங்கோங் விதைய ராத்திரி ஊறப்போட்டு காலையில ஊனுனா மூணு நாள்ல தலை நீட்டிருச்சு, நாலாவது வாரம் அம்மா பெலாச்சான் (எறா விழுது) போட்டு பெரட்டிட்டாங்க. அடியோட புடுங்காம ரெண்டு கணு விட்டு வெட்டுனேன், திரும்ப தளுத்துச்சு. புதுசா ஆரம்பிக்கறவங்க தயவு செஞ்சு கங்கோங்ல, இல்ல பாயாம்ல (தண்டுக்கீரை வகை) ஆரம்பிங்க. கைக்கு ஒண்ணு வந்துருச்சுன்னா மனசு விடாது.

கொத்தமல்லிதான் என்னை அழ வெச்சுது. உருண்டையா இருக்கற விதைய லேசா நசுக்கி ரெண்டா பொளந்து போடணும்னு அம்மா சொன்னாங்க, போட்டேன், ஒன்பதாவது நாள் மொளைச்சுது, அழகா வந்துச்சு, அஞ்சாவது வாரம் பாத்தா நடுவுல தண்டு நீண்டு எலையெல்லாம் நூல் மாதிரி மெலிஞ்சு பூ வெச்சிருச்சு. என்ன தப்பு பண்ணேன்னு ரொம்ப நாள் மண்டைய ஒடைச்சிக்கிட்டேன். தப்பு ஒண்ணும் இல்ல, அது குளிர் கேக்கற செடி, கேஎல் வெயில் 33 டிகிரிக்கு போகும்போது அது அவசர அவசரமா பூத்து விதை விட்டு முடிச்சிக்கப் பாக்குது. தக்காளியும் இதே கதைதான், பூ பூவா பூத்து உதிர்ந்துச்சு, ராத்திரியும் சூடா இருந்தா காய் புடிக்காது, அதனாலதான் கேமரன் மலையில அவ்வளவு தக்காளி போடறாங்க. தக்காளிய விட்டுட்டேன். கொத்தமல்லிய விட மனசு வரல. இப்ப கால வெயில் மட்டும் படற மூலையில வெச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி கொஞ்சம் கொஞ்சமா தூவி, ஒரு சாண் வந்த உடனே கிள்ளிடறேன். பசார் கட்டு மாதிரி பெருசா வராது, ரசத்துக்கு போதும்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். சட்டிக்கு அடியில தட்டு வெச்சிருந்தேன், தரை நனையக்கூடாதுன்னு. ஏப்ரல்ல சாயங்காலம் சாயங்காலம் மழை புடிச்சிக்கிச்சு, ஒரு நாள் தட்ட இழுத்துப் பாத்தா தண்ணியில சின்னச் சின்னதா நெளியுது, ஜெந்திக் ஜெந்திக், கொசுப் புழு. எனக்கு ஒடம்பே பதறிருச்சு. முட்டையில இருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான், வீட்டுல வயசான அம்மா, கீழ் மாடியில கைக்குழந்தை. நோய் பரப்புற பூச்சிங்கள ஒழிக்கற 1975 சட்டத்துல சுகாதார இலாகாவுல இருந்து வந்து பாத்தா 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் சமான் (அபராதம்) போடலாம், அது கெடக்கட்டும், டெங்கி வந்தா யார் பொறுப்பு. அன்னிக்கே எல்லா தட்டையும் எடுத்துட்டு சட்டிங்கள செங்கல் மேல தூக்கி வெச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில பத்து நிமிஷம் மூலை முடுக்கெல்லாம் பாத்துருவேன், இதுல மட்டும் சோம்பல் படறதே இல்ல.

கருவேப்பிலைக்கு அம்மாதான் பொறுப்பு. புளிச்ச மோர தண்ணி விட்டு ஊத்துவாங்க, நுனிய கிள்ளி விடுவாங்க, அப்பதான் கிளை பிரியும். ஒரு நாள் எலை மேல காக்கா எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா ஒட்டிட்டு இருந்துச்சு, தொடைக்கப் போனா அது நகருது. புழு! ரெண்டு மூணு நாள்ல பச்சையா மாறி கட்டை விரல் தண்டி ஆயிருச்சு, குச்சியால தொட்டா தலையில இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு வெளிய வந்து ஒரு நாத்தம் விடுது. எலுமிச்சை செடிக்கு வர்ற அதே வண்ணத்துப்பூச்சி புழுதான், ரெண்டு செடியும் ஒரே குடும்பம். மருந்து அடிக்கலாமான்னு கேட்டேன். "திங்கற எலைக்கு யாராச்சும் மருந்து அடிப்பாங்களாம்மா"ன்னு சொல்லிட்டு அம்மா அஞ்சு புழுவையும் காம்போட கிள்ளி கீழ மைதானத்துல இருக்கற எலுமிச்சை மரத்துல கொண்டு போயி விட்டுட்டு வந்தாங்க. முட்டி வலியோட, லிப்டு அன்னிக்கு வேலை செய்யல.

இப்ப அந்தக் கன்னு என் இடுப்பு உயரம். நேத்து மாக்சிக் மீன் கறி வெக்கறாங்கன்னு ரெண்டு கொத்து கேட்டு வந்தாங்க, அம்மா நாலு கொத்தா ஒடிச்சு குடுத்தாங்க. பூத்துப் போன கொத்தமல்லிய நான் தூக்கிப் போடல, விதைய காய வெச்சு மைலோ டப்பாவுல எடுத்து வெச்சிருக்கேன், அதுல பாதிய இன்னிக்கு சாயங்காலம் தூவணும்.