பூஜ்யத்தில் நிற்காத லூப்

பொறியியல் முதலாண்டு சி புரோகிராமிங் மொழி லேப் தேர்வில் எனக்கு வந்தது சுலபமான கேள்வி. பத்து எண்களை வாங்கித் தலைகீழாக அச்சிட வேண்டும், அவ்வளவுதான். ரெக்கார்ட் நோட்டில் எழுதிய புரோகிராம் என்பதால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். பத்து எண்களும் சரியாக வந்தன. அதற்கடுத்த வரியில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்', அதாவது தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டதால் புரோகிராம் நின்றுவிட்டது.

அதிபுத்திசாலித்தனம்தான் காரணம். அரேயில் (எண்களை வைக்கும் வரிசையில்) இடத்தைச் சொல்லும் இன்டெக்ஸ் 0-இல் தொடங்கும், எதிர்ம எண்ணாக இருக்காதே என்று, 9-இலிருந்து ஒவ்வொன்றாகக் குறையும் கே என்ற மாறியை அன்சைன்டு இன்ட் (எதிர்ம எண்ணை ஏற்காத முழு எண் வகை) ஆக்கியிருந்தேன். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) தொடர்வதற்கான நிபந்தனையோ கே >= 0. அன்சைன்டு மாறி 0-க்குக் கீழே இறங்கவே இறங்காது. 0-இல் ஒன்றைக் கழித்தால் 32 பிட்டில் 4294967295 ஆகிவிடும். அப்படியொரு இடம் அரேயில் ஏது?

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) திரையைப் பார்த்துவிட்டு, "இதை வெறும் இன்ட் என்று மாற்றினால், லூப் முடிந்த பிறகு கே எவ்வளவு?" என்றார். 0 என்றேன். "0 என்றால் நிபந்தனை இன்னும் உண்மைதானே, எப்படி வெளியே வந்தது?" என்றார். விடை -1. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாதி மதிப்பெண் அங்கேயே போனது.

அதற்குப் பிறகு இறங்கு லூப் எழுதும் முன் ஓரத்தில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்வேன்: தொடக்கம், கடைசியாகப் பயன்படுவது, வெளியே வரும்போது இருப்பது. பத்து உறுப்புகளுக்கு 9, 0, -1.

பைத்தானில் இந்த மூன்றாவது எண்ணைத்தான் ரேஞ்ச் கேட்கிறது. ரேஞ்ச்(9, -1, -1) என்று எழுத வேண்டும்: தொடக்கம், நிற்கும் எண் (இது சேராது), ஒவ்வொரு முறையும் கூட்டும் படி. நடுவில் 0 போட்டால் முதல் உறுப்பு விடுபடும். இறுதி -1-ஐ மறந்து ரேஞ்ச்(9, 0) என்று விட்டாலோ படி +1 ஆகிவிடும்; பிழைச் செய்தியே வராது, லூப் ஒருமுறைகூட ஓடாது. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வரிசையைத் தலைகீழாகத் தரும் ரிவர்ஸ்டு போட்டுத் தப்பிக்கலாம்தான், ஆனால் 'அவுட்புட் என்ன?' என்று கேட்டால் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

சரி, தேர்வைத் தாண்டி இந்த இறங்கு லூப் எதற்கு என்றால், பட்டியலிலிருந்து நீக்குவதற்கு. 2, 4, 5, 6-இல் இரட்டை எண்களை முன்னாலிருந்து நீக்கிப் பாருங்கள். 2 போனதும் 4 அந்த இடத்துக்கு நகரும், லூப் அடுத்த இடத்துக்குப் போய்விடும், 4 தப்பிவிடும். பின்னாலிருந்து வந்தால் நகர்வதெல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவைதான்.