ஸ்லைடர் நகருது, இஎம்ஐ நகரமாட்டேங்குது

மேத்தமேட்டிக்கா என்ற கணித மென்பொருளில் மேனிப்யுலேட் என்ற கட்டளையை வைத்து ஸ்லைடர் (இழுத்தால் மதிப்பு மாறும் பட்டை) உள்ள பெட்டி போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 2007இல் ஆறாம் பதிப்போடு வந்த வசதி. வீட்டுக் கடன் கணக்குக்காக நான் மூன்று ஸ்லைடர் போட்டேன்: அசல், வட்டி, ஆண்டு. 30 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்று நகர்த்தி நிறுத்தினால் மாதத் தவணை 26,035 ரூபாய் என்று வந்துவிடும். இதுவரைக்கும் சுகம்.

வம்பு ஆரம்பித்தது அந்த 26,035ஐ மறுபடி பயன்படுத்தப் போனபோது. மொத்த வட்டி எவ்வளவு, ஒவ்வொரு மாதமும் நிலுவை எவ்வளவு, நடுவில் ஒரு தொகையைக் கட்டினால் எத்தனை மாதம் குறையும் என்று எதைக் கேட்டாலும் அதே தவணைதான் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் அந்த நீளமான சூத்திரத்தை எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

சூத்திரத்தைப் பெட்டிக்கு வெளியே ஒரு ஃபங்ஷனாக எழுதி, உள்ளே பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டேன். வரைபடம் காலி. பிழைச் செய்தி என்று ஒரு வரி வந்திருந்தாலாவது பிடித்துக்கொண்டு போயிருக்கலாம், அதுவும் இல்லை. விஷயம் இதுதான்: ஸ்லைடரின் மாறிகளை மேனிப்யுலேட் தனக்குள் வேறு பெயருக்கு மாற்றிவிடுகிறது, வாலில் இரண்டு டாலர் குறி ஒட்டி. நமக்குத் திரையில் ‘வட்டி’ என்றே தெரியும். வெளியே இருக்கும் ஃபங்ஷனின் ‘வட்டி’ வேறு ஆள், அவருக்கு மதிப்பே கிடையாது. லோக்கலைஸ் வேரியபிள்ஸ் என்ற ஆப்ஷனை அணைத்துவிட்டால் தீரும் என்பார்கள். தீரும்தான். ஆனால் அதே நோட்புக்கில் (மேத்தமேட்டிக்கா கோப்பில்) அதே பெயர்களோடு இரண்டாவது பெட்டி ஒன்று வைத்தால், ஒன்றின் ஸ்லைடரை இழுக்கும்போது மற்றதும் சேர்ந்து ஓடும். அதற்குப் பேசாமல் அசல், வட்டி, ஆண்டு மூன்றையும் ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்டாக, அதாவது உள்ளீடாக, கொடுத்துவிடுங்கள். சலிப்பான வழி, ஆனால் காலை வாராது.

அடுத்தது மாட்யூல், தனக்குள் மட்டும் செல்லும் மாறிகளை முதலில் ஒரு பட்டியலாகக் கேட்கும் கட்டளை. அந்தப் பட்டியலில் மாத வட்டியைக் கணக்கிட்டு, அதை வைத்து அதே பட்டியலில் தவணையையும் கணக்கிடலாம் என்று பார்த்தால் எண்ணுக்குப் பதில் பெயர்தான் வந்து நிற்கும். ஒரே பட்டியலில் இருக்கும் மாறிகள் ஒன்றையொன்று பார்க்காது. வித் என்ற கட்டளையைப் போட்டாலும் இதே கதைதான். மாட்யூல் பட்டியலில் பெயர்களை மட்டும் வைத்துவிட்டு, மதிப்புகளைக் கீழே வரிசையாகக் கொடுங்கள்.

நிலுவைப் பட்டியல்தான் என்னை உண்மையில் படுத்தியது. நிலுவை என்ற பொது மாறியில் அசலை வைத்து, மாதாமாதம் வட்டியைக் கூட்டித் தவணையைக் கழித்து, 240 சுற்று. விடை சரி. ஆனால் யாரும் எதையும் தொடாமலே வலது ஓரத்தில் செல்லின் (நோட்புக்கின் ஒவ்வொரு கட்டளைப் பகுதியின்) அடைப்புக்குறி மின்னிக்கொண்டே இருக்கிறது, மடிக்கணினி விசிறி ஓயமாட்டேன் என்கிறது. பெட்டிக்குள் எழுதியிருக்கும் மாறிகளை எல்லாம் மேனிப்யுலேட் கண்காணிக்கிறது. நிலுவை மாறியதும் ‘மதிப்பு மாறிவிட்டது’ என்று மறுபடி கணக்குப் போடும். போட்டால் நிலுவை மறுபடி மாறும். செக்குமாடுதான். ட்ராக்டு சிம்பல்ஸ் என்ற ஆப்ஷனில் ஸ்லைடர் மாறிகள் மூன்றை மட்டும் கொடுத்ததும் அடங்கியது. நிலுவை வெளியே தேவைப்படாது என்றால் மாட்யூலுக்குள் அடைத்துவிடுங்கள், அதுவும் போதும்.

ஒரு விடை பெட்டிக்கு வெளியே தேவைப்பட்டால்? அடுத்த செல்லில் டைனமிக் என்ற கட்டளையைப் போட்டுத் தவணையைக் காட்டலாம், ஸ்லைடரோடு அதுவும் ஓடும். ஆனால் டைனமிக்கை எழுதி முடித்துவிட்டு 12ஆல் பெருக்கினால் 12ம் 26,035ம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே தவிர, பெருக்கல் நடக்காது. டைனமிக் என்பது எண் இல்லை, திரையில் காட்டும் ஓர் உறை மட்டும்தான். பெருக்கலை அந்த உறைக்குள்ளேயே எழுத வேண்டும். இன்னொன்று: மேனிப்யுலேட் பெட்டி திரையில் தெரிந்தால்தான் கணக்கே ஓடும். நோட்புக்கைத் திறந்து நேராகக் கீழே போய்ப் பார்த்தால் எண் இருக்காது, வெறும் பெயர்தான். அதனால் கடைசியில் எல்லா விடைகளையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கிவிட்டேன்.

இவ்வளவும் சரிசெய்து, தெரிந்தவர் ஒருவர் அழைத்தார் என்று ஒரு கல்லூரியில் காட்டப் போனால், அங்கே டைனமிக்கை அனுமதிக்கவா என்று மேலே ஒரு பட்டை. அனுமதித்தோம். எண் வர வேண்டிய இடத்தில் ஃபங்ஷன் பெயர் பல்லை இளித்தது. வீட்டுக் கணினியில் கெர்னல் (கணக்குப் போடும் பின்னணி நிரல்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் வெளி ஃபங்ஷன் அதற்குத் தெரியும், இங்கே யாருக்குத் தெரியும்? லேப் பொறுப்பாளரைக் கேட்டால், “சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகுதுல்ல சார், அதுக்கு மேல நீங்கதான் பாத்துக்கணும்” என்று சாவிக்கொத்தோடு கிளம்பிவிட்டார். அன்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதித்தான் ஒப்பேற்றினேன். பெட்டியை உருவாக்கும்போதே சேவ் டெஃபினிஷன்ஸ் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று கொடுத்துவிட்டால் ஃபங்ஷனும் பெட்டியோடு கூடவே பயணம் செய்யும். வேறு கணினிக்குக் கொண்டு போகிறவர்கள் இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

மறுமுறை போனபோது ஓடியது. முதல் மாதத் தவணை 26,035இல் வட்டிக்கே 21,250 போகிறது, அசலில் குறைவது 4,785 மட்டும் என்று பட்டியல் காட்டியதும் பின்வரிசை வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தது. 30 லட்சத்துக்கு மொத்த வட்டி 32 லட்சத்து 48 ஆயிரம் என்றபோது ஒரு பையன், “சார், ஆண்டைக் குறைங்க, குறைங்க” என்று கத்தினான். குறைத்தேன். பட்டியல், வரைபடம், மொத்தம் எல்லாம் ஒரே தவணையிலிருந்து ஒன்றாக மாறின.

வட்டி ஸ்லைடரைப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள். சூத்திரத்தில் மேலேயும் கீழேயும் பூஜ்யம் வந்து இன்டிடெர்மினேட் (தீர்மானிக்க முடியாதது) என்று நிற்கும். நான் 5இல் தொடங்குகிறேன். பட்டியல் பெரிதாகி ஸ்லைடர் திக்கினால் கன்டின்யுவஸ் ஆக்‌ஷனை ஃபால்ஸ் ஆக்குங்கள், மவுஸை விட்ட பிறகுதான் கணக்கு ஓடும்.