இரண்டாம் தடவையில் கைகொடுத்த 67

கணித அளவையியல் மீள்பரீட்சையின் பெறுபேறு கடந்த வாரம் வந்தது; சித்தியடைந்துவிட்டேன். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரேயொரு வினா: கணிக்கத்தக்க சார்புகள் (படிமுறையொன்றால் விடை காணக்கூடியவை) யாவற்றையும் ரொபின்சனின் எண்கணிதத்தில் குறிக்கலாம் என நிறுவுக. ரொபின்சனின் எண்கணிதம் என்பது இயல் எண்களின் கூட்டல், பெருக்கல் பற்றி, நிறுவாமல் ஏற்கும் ஏழு வெளிப்படையுண்மைகளை மட்டும் கொண்ட தொகுதி.

அன்று நான் எழுதியது முழுவதும் உண்மையைப் பற்றியது. கேட்கப்பட்டதோ நிறுவத்தக்கமையைப் பற்றியது. ஒரு சார்பு 3க்கு 8ஐத் தருமாயின், அதற்குரிய சூத்திரம் இயல் எண்களில் உண்மையாக இருந்தால் போதாது. 3க்கு 8 பொருந்தும் என்பதையும், 8ஐத் தவிர வேறெதுவும் பொருந்தாது என்பதையும் அந்த ஏழு வெளிப்படையுண்மைகளிலிருந்தே பெறவேண்டும். இரண்டாவதை நான் ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

விடுமுறைக்கு ஹட்டன் பக்கத்து எங்கள் லயத்துக்கு வந்தபோது, கதவின் பின்புறத்தில் சோக்கட்டியால் "67, 2" என்று எழுதிவைத்தேன். "யாரு தம்பி இம்புட்டுக் கொழுந்து எடுத்தது, அறுபத்தேழு கிலோவா?" என்றார் அம்மா. அது அளவையியலாளர் கோடெலின் பீட்டாச் சார்பு: ஓர் எண் வரிசையை இரண்டே எண்களுக்குள் அடக்கும் வழி. 2இன் முதல் மூன்று மடங்குகளோடு ஒவ்வொன்று கூட்டினால் 3, 5, 7 வரும். 67ஐ அவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 1, 2, 4. இரண்டின் அடுக்குகள் ஒரு சோடிக்குள் அடங்கிவிட்டன. கூட்டலும் பெருக்கலும் மட்டுமே உள்ள மொழியில் அடுக்கேற்றத்தைச் சொல்ல, கோடெல் 1931இல் சீன மீதித் தேற்றத்தை (பொதுக் காரணியற்ற எண்களால் வகுக்கும்போது வேண்டிய மீதிகளைத் தரும் எண் உண்டு என்பதை) நாடியது இதற்காகவே. சூத்திரங்களிலேயே சிந்திக்கக்கூடியவர்களுக்கு இந்த வழி தேவைப்படாமல் இருக்கலாம்; எனக்கு எண் இல்லாமல் எதுவும் மண்டையில் ஏறாது.

விடைத்தாளில் கவனிக்க வேண்டியவை:

- தொகுத்தறிவை (0க்கும், ஒவ்வோர் எண்ணிலிருந்து அடுத்ததற்கும் காட்டி, எல்லா எண்களுக்கும் முடிவுசெய்வதை) தொகுதிக்குள் பயன்படுத்தாதீர்கள். இணைந்த கணிதத்தில் பழகிய கை தானாக எழுதிவிடும். பூச்சியத்தோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் அதே எண் வரும் என்ற பொதுக்கூற்றைக்கூட அங்கே நிறுவமுடியாது. 5, 6 எனத் தனித்தனி எண்களுக்கு மட்டும் முடியும். தொகுதிக்கு வெளியே நின்று தொகுத்தறிவைப் பயன்படுத்தத் தடையில்லை.
- சேர்த்தி விதிக்கு (ஒரு சார்பின் விடையை இன்னொன்றில் இடுவதற்கு) ஐந்து வரி போதும்.
- இழிவாக்கலுக்கு (நிபந்தனையொன்றை நிறைவேற்றும் மிகச் சிறிய எண்ணைத் தேடுவதற்கு) அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 4ஐ விஞ்சாதவை 0, 1, 2, 3, 4 மட்டுமே என்பதையும், எந்த எண்ணும் 4ஐ விஞ்சாது அல்லது 4 அதனை விஞ்சாது என்பதையும் தொகுதிக்குள் நிறுவிக் காட்டுங்கள்.
- மீள்வரு வரையறையில் (ஒவ்வொரு பெறுமானத்தையும் முந்தையதிலிருந்து பெறுவதில்), பெறுமானங்களை அடக்கும் "ஒரு சோடி உண்டு" என்று நிறுத்தினால், நியமமற்ற மாதிரியொன்றில் (அதே ஏழு வெளிப்படையுண்மைகளும் பொருந்தும், ஆனால் இயல் எண்களுக்கு அப்பாலும் எண்கள் உள்ள அமைப்பில்) ஏதோவொரு சோடி வேறு விடையைத் தரக்கூடும். "மிகச் சிறிய சோடி" என்று எழுதினால், மேலே நிறுவிய இழிவாக்கலே தனிமையையும் தந்துவிடும்.