டிபிடி திறன் தாள்களைத் தமிழாக்கியபோது கற்றவை

டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி (டிபிடி) என்பது கொந்தளிக்கும் உணர்ச்சிகளையும் தற்கொலை எண்ணத்தையும் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத்தரும் மனநலச் சிகிச்சை. அந்தத் திறன்களை விளக்கும் தாள்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தாலே போதும் என்றுதான் தொடங்கினோம். முதலில் இடறியது 'ரேடிக்கல் அக்செப்டன்ஸ்'. 'முழுமையாக ஏற்றுக்கொள்ளுதல்' என்று எழுதினால், வீட்டில் அடிவாங்கும் பெண்ணின் காதில் அது 'அனுசரிச்சுப் போ' என்றுதான் விழும். ஊரே அவளிடம் சொன்னதைச் சிகிச்சையும் சொன்னதாகிவிடும். அதனால் தலைப்பையே மாற்றினோம்: 'நடந்ததை நடந்ததுதான் என்று ஒப்புக்கொள்வது'. அதன் கீழேயே, 'இது சரி என்று சொல்வது அல்ல, பொறுத்துக்கொள்வதும் அல்ல' என்ற வரி. பயிற்சியைச் சின்ன விஷயத்தில் தொடங்க வேண்டும். பஸ் போய்விட்டது, போயிருக்கக் கூடாது என்று புலம்பிக்கொண்டே நின்றால் அடுத்த பஸ்ஸையும் விடுவோம். இழப்பு, துரோகம் போன்றவை பல வாரம் கழித்துத்தான். அடி இன்னும் தொடர்கிறது என்றால் இந்தத் தாளை எடுக்கவே கூடாது. முதலில் பாதுகாப்புத் திட்டம்.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் உருவாக்கிய இந்தச் சிகிச்சையில் திறன்கள் நான்கு பிரிவு: மனக்கவனம், தாங்கும் திறன், உணர்ச்சிகளைக் கையாளுதல், உறவுகளில் பேசிச் சாதித்தல். முழுச் சுற்று வழக்கமாக 24 வாரம். ஆங்கிலத்தில் எழுத்துச் சுருக்கங்கள்தான் நினைவுக்குக் கைகொடுக்கின்றன. வேண்டியதைக் கேட்டுப் பெறும் திறனுக்கு 'டியர் மேன்' (DEAR MAN) என்று பெயர், ஏழு எழுத்துக்கு ஏழு படி. தமிழில் அது வெறும் சத்தம். தமிழ் முதலெழுத்துகளை வைத்துப் புதிய சுருக்கம் கட்டிப் பார்த்தோம். சுருக்கத்தை மனப்பாடம் செய்வதே தனி வேலையானது. கடைசியில் விரல்விட்டு எண்ணும் முறைதான் மனதில் நின்றது. சுண்டுவிரலில் நடந்ததைச் சொல், மோதிரவிரலில் மனசில் பட்டதைச் சொல், நடுவிரலில் வேண்டியதைக் கேள், ஆள்காட்டி விரலில் அதனால் அவருக்கு என்ன நன்மை என்று சொல். கட்டைவிரல், பேச்சு திசைமாறினாலும் கேட்டதை விடாமலிருக்க. தலைநிமிர்ந்து பேசுவதையும் விட்டுக்கொடுத்துப் பேரம் பேசுவதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினோம்.

மாதிரி வசனம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும்: "அப்பா, நேத்து என் போனை எடுத்துப் பாத்தீங்க. எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இனிமே கேட்டுட்டு எடுங்கப்பா. அப்பதான் நானும் உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன்." தாளில் 'தாங்கள் என் அனுமதியின்றி' என்று அச்சடித்தால் வீட்டில் யாரும் அப்படிப் பேசப்போவதில்லை.

உணர்ச்சிப் பெயர்களிலும் சிக்கல். வெட்கம் என்றால் கல்யாணப் பெண்ணின் கூச்சமும் நினைவுக்கு வருகிறது. ஆகவே 'அவமானம், தலைகுனிவு' என்று எழுதுகிறோம். 'என்ன உணர்ந்தீர்கள்?' என்ற கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் 'ஒரு மாதிரி இருந்துச்சு' அல்லது 'நெஞ்சை அடைச்சுது'. அதைத் தவறான விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பில் எங்கே என்று கேட்டு, அங்கிருந்து உணர்ச்சியின் பெயருக்கு வரலாம்.

நெருக்கடி நேரத்துத் திறன்களில் எழுத்தே தேவைப்படாதது குளிர்நீர். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனையும்படி சுமார் 30 விநாடி முகத்தை முக்க வேண்டும். நீரில் முங்கும்போது இதயத்துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயல் உடம்பில் இருக்கிறது, அதைத்தான் தூண்டுகிறோம். 'செஞ்சேன், ஒண்ணும் ஆகலை' என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சித்திரையில் வெந்நீர்தான். பலர் குனியாமல் முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொள்கிறார்கள். மூச்சைப் பிடிப்பதில்லை. ஃப்ரிட்ஜ் தண்ணீர் கலக்கலாம், ஆனால் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. பாத்திரம் வைக்க இடமில்லாதவர்கள் துணியில் சுற்றிய ஐஸை மூச்சைப் பிடித்தபடி கண்ணுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். இதய நோய் உள்ளவர்கள், பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை எடுப்பவர்கள், உண்ணாமல் மெலிந்துபோனவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இந்த எச்சரிக்கையைத் தாளின் தலையில் அச்சடியுங்கள், அடியில் அல்ல.

இதன் பலன் சில நிமிடங்களே நிற்கும். அந்த இடைவெளியில் மூச்சு: 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துக் கொடுத்தோம்.

அன்றன்றைய உணர்ச்சியையும் பயன்படுத்திய திறனையும் குறித்துவரும் தினக்குறிப்பு அட்டைதான் அதிகம் கைவிடப்படுவது. கட்டங்கள் நிறைய. அதைவிட, ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் 'தற்கொலை எண்ணம்: 4' என்று எழுதி எங்கே ஒளிப்பது? அட்டையை நான்கு வரிசையாகக் குறைத்தோம்: உந்துதல் (தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுவது), செய்தது, உணர்ச்சி, பயன்படுத்திய திறன். ஒவ்வொன்றுக்கும் அவரவரே தேர்ந்த ஒரு சின்னம். 0 முதல் 5 வரை எண் மட்டும். பார்ப்பவருக்குப் பால் கணக்குப் போலிருக்கும். சின்னத்தின் பொருள் தனிநபர் சிகிச்சையாளரின் கோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் முதலில் பார்க்க வேண்டியது உந்துதல் வரிசையை.

படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம், போன் அவர் கையில் மட்டும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகு. புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதை உங்க தங்கச்சிக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேளுங்கள், அவர் தடுமாறும் வரிதான் அடுத்த பதிப்பில் திருத்த வேண்டிய வரி. ஒரு வாரத்துக்கு ஒரு திறன், அதிகபட்சம் இரண்டு. அட்டையின் பின்பக்கம் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 பெரிய எழுத்தில்.