மாத்திரைக் கணக்கு எழுதிய நோட்டு

2003-ஆம் ஆண்டில் நாங்கள் டெக்சஸில் இருந்தபோது, இரண்டு முறை பைபாஸ் செய்தும் என் கணவருக்கு நெஞ்சுவலி விடவில்லை. வாசலில் இருக்கும் தபால் பெட்டிவரை போய் வருவதற்குள் நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை மாத்திரை என்று நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ரத்தக் குழாய்கள் நுனிவரை அடைபட்டிருந்ததால் ஸ்டென்ட் வைக்கவோ மறுபடி பைபாஸ் செய்யவோ இடமில்லை என்று ஆனபிறகே, 1998-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற லேசர் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்கள். ரத்தம் நேராகத் தசைக்குள் போகட்டும் என்று இதயத் தசையில் லேசரால் துளையிடும் முறை அது. 1965-இலேயே மும்பையில் டாக்டர் பி. கே. சென் இதயத் தசையில் ஊசியால் துளையிட்டுப் பார்த்தவர் என்பதை அறுவை மருத்துவர் சொன்னபோது, என் கணவரின் முகத்தில் சற்றே தெம்பு வந்தது.

இடப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள 32 துளைகளை இட்டார்கள். நிவாரணம் கிடைக்க மாதங்கள் ஆகும் என்பதை யாரும் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. விலாக் காயத்தின் வலியா, பழைய வலியா என்று பிரித்தறிய முடியாமல் முதல் ஆறு வாரங்கள் இருவரும் தவித்தோம். நோட்டிலும் எண்கள் குறையவில்லை. நான்காம் மாதத்தில் அவை பாதியாயின. ஓராண்டு முடிவில், ஒரு மாத்திரைகூட இல்லாத வாரங்கள் வந்தன.

1999-இல் வெளியான, 192 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், லேசர் சிகிச்சை பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கு ஓராண்டில் வலியின் தீவிரம் இரண்டு படியாவது குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 13 சதவீதம். ஆனால் அந்தத் துளைகள் விரைவிலேயே மூடிக்கொள்கின்றன என்பதால், நிவாரணத்துக்குக் காரணம் நரம்பு முனைகள் அழிவதா, புதிய நுண்குழாய்கள் முளைப்பதா என்ற வாதம் தீரவில்லை. ரத்தக் குழாய் வழியாகச் செய்யும் லேசர் முறையைச் சோதித்த 2005-ஆம் ஆண்டு ஆய்விலோ, சிகிச்சை செய்வதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் அதே அளவு தேறினார்கள். அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2009-இல் எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு அறுவை முறையையும் பயன்படுத்த வேண்டாம் என்றது.

அவருடைய எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இயக்கத் திறன் ஒருபோதும் கூடவில்லை. லேசர் அவர் ஆயுளை நீட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். வலி குறைந்ததை மட்டும் என் கையெழுத்திலேயே வைத்திருக்கிறேன். ஐந்தாம் ஆண்டில் வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று மாத்திரைகள் திரும்பின. முன்பு அது ஒரு நாளைய கணக்கு.