சிரிக்காத லுகோசி

தூக்கம் வராமல் யூடியூபில் 1941-இல் வந்த 'ஸ்பூக்ஸ் ரன் வைல்ட்' என்ற பேய்க் காமெடிப் படம் பார்த்தேன். கருப்பு அங்கியோடு நடிகர் பெலா லுகோசி வந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் படத்துக்குப் பத்து வருஷம் முன்னால் யுனிவர்சல் ஸ்டுடியோவின் படத்தில் டிராகுலாவாக உலகத்தையே நடுங்க வைத்தவர். இங்கே மோனோகிராம் என்ற சின்ன கம்பெனியில், நியூயார்க் தெருப் பையன்களோடு ஒரு பாழடைந்த மாளிகையில்.

செட்டுக்குப் பெரிய செலவு செய்த மாதிரி தெரியவில்லை. எதற்கு? அவர் முகம் இருக்கிறதே! கேமரா கிட்டே போகிறது, அவர் அந்த ஹங்கேரிய உச்சரிப்பில் நிதானமாகப் பேசுகிறார். பேய்வீடு தயார்.

கடைசியில் பார்த்தால் அவர் வெறும் மேஜிக்காரர். (இவ்வளவு பழைய படத்துக்கு ஸ்பாய்லர் என்ன வேண்டிக்கிடக்கு!)

பையன்கள் கத்திக் கூச்சல் போட்டு ஓடுகிறார்கள். அது எனக்குப் பெரிதாகச் சிரிப்பு மூட்டவில்லை. அதிலும் கறுப்பினப் பையனின் பயத்தை வைத்துப் பண்ணும் ஜோக்குகள் இன்று நெளிய வைக்கின்றன.

லுகோசி மட்டும் காமெடிப் படம் என்றே தெரியாதவர் போல, டிராகுலாவுக்குக் காட்டிய அதே கம்பீரத்தோடு நடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான். சம்பளம் குறைந்தது, மரியாதை குறையவில்லை.

அடுத்து 1943-இன் 'கோஸ்ட்ஸ் ஆன் தி லூஸ்'. அதே கூட்டம், அதே லுகோசி. கல்யாணப் பெண்ணாக, பின்னாளில் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரமான ஏவா கார்ட்னராம்!