கறுப்புத் திரை என்றதும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிவிடாதீர்கள்

தாராவியில் ஒரு டியூஷன் சென்டரில் லினக்ஸ் மின்ட் போட்ட பழைய கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அங்கே பாடம் எடுக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, ஒரு மெஷின்ல லோகோ வருது, அப்புறம் ஒரே கறுப்பு. கார்டு போச்சு, லாமிங்டன் ரோடு போய் புதுசு வாங்குங்கன்னு கடைக்காரர் சொல்றார்."

லோகோ வருகிறதே! அதுவும் படத்தைத் திரைக்கு அனுப்பும் அந்த கிராஃபிக்ஸ் கார்டு வழியாகத்தானே மானிட்டருக்குப் போகிறது? கார்டு முழுசாகப் போயிருந்தால், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸின் லோகோகூடத் தெரியாது. உள்ளே இருப்பது என்விடியா ஜிடி 710 கார்டு. சந்தேகம் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல்தான்.

போய் உட்கார்ந்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரை போய் லாகின் கேட்டது. சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, படம் வரைகிற பகுதி மட்டும் எழவில்லை. படம் வரைகிற அந்தப் பகுதியான எக்ஸார்க், நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் 'இஇ' என்று குறியிட்ட வரிகள்தான் பிழைகள். என்விடியா கர்னல் மாட்யூலை, அதாவது லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதியை, துவக்க முடியவில்லை என்றது ஒரு வரி. மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தேன். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்', அதாவது சாவி நிராகரிக்கப்பட்டது, என்று பதில் வந்தது.

இந்த வரியைப் பார்த்தால் உடனே பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு வசதியைப் பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால், சிஸ்டம் நம்பும் டிஜிட்டல் சாவியால் கையெழுத்திடாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. என்விடியா டிரைவரை நிறுவும்போது லினக்ஸோடு வரும் இலவச டிரைவரான நூவோவையும் முடக்கிவிடுவார்கள் என்பதால், மாற்றாக எழுந்து நிற்கவும் ஆள் இல்லை.

ஆனால் அது எப்படி ஆன் ஆனது? "கடிகாரம் தப்பா காட்டுதுன்னு உள்ளே இருந்த பட்டன் பேட்டரியை மாத்தினோம்" என்றார் அக்கா. சரிதான். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

'செக்யூர் பூட்' வசதியை ஆஃப் செய்தாலே வேலை முடியும். அடுத்த பேட்டரி மாற்றும்போதும் பிள்ளைகள் கறுப்புத் திரை முன்னால் உட்காரக் கூடாது என்பதால், நான் மோக்யூட்டில் என்ற கருவி வழியாக, டிரைவருக்குக் கையெழுத்திட்ட சாவியைச் சிஸ்டம் நம்பும் சாவியாகப் பதிவு செய்தேன். அப்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், குறித்து வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி 'என்ரோல் மோக்' (சாவியைப் பதிவு செய்) தேர்ந்தெடுக்க வேண்டும். தவறவிட்டால் கோரிக்கை ரத்தாகிவிடும், மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும்.